பி.இ. முடிச்சவர் ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆகலாமா? ஒரு 200 வருஷக் கதை

போன மாசம் நம்ம இன்பாக்ஸ்ல ஒரு கேள்வி வந்துது. கேட்டவர் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆறு வருஷமா ஐ.டி. வேலை. சனி, ஞாயிறுகள்ல ஒரு சென்டருக்குப் போய் ஆட்டிசம் இருக்கிற குழந்தைங்களோட உட்கார்ந்திருக்கார். குழந்தைங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கு, அவருக்கும் இதுதான் தன்னோட வேலைன்னு தோணிடுச்சு. முழு நேரமா வரட்டுமான்னு கேட்டா, சிறப்புக் கல்வியில பி.எட். முடிங்க, ரெண்டு வருஷம், அப்புறம் ஆர்.சி.ஐ.யில பதிவு பண்ணுங்க, அப்போதான் ஸ்பெஷல் எஜுகேட்டர்னு சொல்லிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அவர் எழுதினது இது: "ஏற்கெனவே நாலு வருஷம் காலேஜ்ல போச்சு. மறுபடியும் ரெண்டு வருஷம் எதுக்கு ப்ரோ? மனசு இருந்தா பத்தாதா?"

சட்டப்படி பதில் ஒரே வரிதான். ஆமா, படிச்சாகணும். ஆனா நம்ம பாட்காஸ்ட்ல ஒரு வரியோட நிறுத்துற பழக்கம் நமக்குக் கிடையாதே. இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. வேற டிகிரி வாங்கிட்டு இந்த வேலைக்கு வந்தவங்கதான் இந்தத் துறையையே உருவாக்கினாங்க. அதே துறை பின்னாடி ஒரு கதவைக் கட்டி, பூட்டுப் போட்டுச்சு. அந்தப் பூட்டு யாரைக் காப்பாத்துச்சு, யாரை வெளியே நிறுத்துச்சு? அதைத்தான் இந்த எபிசோட்ல பாக்கப் போறோம்.

வருஷம் 1814. இடம் அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல ஹார்ட்ஃபோர்ட்னு ஒரு ஊர். தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட்னு ஒரு இளைஞர், வயசு 26. பதினாலு வயசுலேயே யேல் பல்கலைக்கழகத்துல சேர்ந்து, 17 வயசுல, 1805ல பட்டம் வாங்கிட்டார். அப்புறம் சட்டம் கத்துக்கப் போனார், ஒத்துவரல. யேல்லயே முதுகலை வாங்கினார், அங்கேயே ட்யூட்டரா இருந்தார். கொஞ்ச நாள் குதிரையில ஊர் ஊராப் போய் சரக்கு வித்தார். கடைசியா ஆண்டோவர்ங்கிற ஊர்ல இறையியல் படிச்சு 1814ல முடிச்சார். ரெஸ்யூமேவைப் பாத்தா நம்ம ஃப்ரெண்ட்ஸ் சிலரோட லிங்க்ட்இன் மாதிரியே இருக்கும். எல்லாம் இருக்கு, எதுவும் செட்டாகல.

ஹார்ட்ஃபோர்ட்ல பக்கத்து வீட்டுல மேசன் காக்ஸ்வெல்னு ஒரு டாக்டர். அவரோட பொண்ணு ஆலிஸ், ஒன்பது வயசு. குழந்தையா இருந்தப்போ வந்த காய்ச்சல்ல காது கேக்காம போயிடுச்சு. கேலடெட் தன்னோட தொப்பியைக் காட்டி, மண்ணுல அதோட ஆங்கில எழுத்துக்களை எழுதிக் காட்டினதாகவும், அந்தப் பொண்ணு சட்டுனு புரிஞ்சுக்கிட்டதாகவும் ஒரு கதை உண்டு. அமெரிக்கக் காது கேளாதோர் சமூகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை அது. நம்ம கேள்வி கேட்ட நண்பருக்கு அந்த சென்டர்ல நடந்ததும் ஏறக்குறைய இதேதான்.

இங்கே மனசு இருக்கு, டிகிரிகளும் இருக்கு. ஆனா தொப்பிக்கு அடுத்து என்ன? "நேத்து", "ஏன்", "ஒருவேளை", இதையெல்லாம் எப்படிச் சொல்லித் தருவது? அன்னிக்கு அமெரிக்காவுல காது கேளாத பிள்ளைகளுக்குன்னு நிலையான பள்ளிக்கூடம் ஒண்ணுகூட இல்ல. காக்ஸ்வெல் ஊர் ஊரா இருந்த பாதிரியார்கள் மூலமா கணக்கு எடுக்கச் சொன்னதுல, அந்த ஒரு மாநிலத்துலேயே காது கேளாதவங்க 80 பேருக்கு மேல இருக்காங்கன்னு தெரிஞ்சுது. சரி, ஒருத்தரை ஐரோப்பாவுக்கு அனுப்பிக் கத்துக்கிட்டு வரச் சொல்லுவோம்னு ஊர்ப் பெரியவங்க பணம் திரட்டினாங்க. 1815 மே மாசம் கேலடெட் கப்பல் ஏறினார்.

இங்கதான் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பிரிட்டன்ல காது கேளாதோருக்குப் பேசச் சொல்லித் தர்றதுல பேர் வாங்கினது பிரெய்ட்வுட் குடும்பம். 1760ல எடின்பரோவுல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அவங்களோடது. சாமுவேல் ஜான்சன், அந்த ஆங்கில அகராதிக்காரர், அங்க போய் பாத்துட்டு அசந்து போனார். ஆனா எப்படிச் சொல்லித் தர்றோம்ங்கிறதை அந்தக் குடும்பம் வெளியே விடல. அது தொழில் ரகசியம், சொத்து மாதிரி. லண்டன்ல இருந்த காது கேளாதோர் காப்பகத்தை நடத்தினவர் ஜோசப் வாட்சன், அதே குடும்பத்து உறவுக்காரர். கேலடெட் போய்க் கேட்டப்போ அவர் போட்ட நிபந்தனை: மூணு வருஷம் இங்க உதவி ஆசிரியரா வேலை பாரு, அப்புறம் பாக்கலாம்.

கேலடெட்டுக்கு மூணு வருஷம் கிடையாது. ஆலிஸுக்குப் பத்து வயசாயிடுச்சு, ஊர்ல காத்துக்கிட்டிருக்கா. சரி, எடின்பரோ போவோம்னு போனார். அங்க புதுசா ஒரு பள்ளி, நடத்தினவர் ராபர்ட் கினிபரோ. நல்ல மனுஷன், சொல்லிக் கொடுக்கவும் ஆசைதான். ஆனா அவர் பிரெய்ட்வுட் குடும்பத்துக்கிட்ட கத்துக்கிட்டப்போ பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருந்தார்: ஏழு வருஷத்துக்கு யாருக்கும் சொல்லித் தரக்கூடாது, மீறினா அபராதம். நம்ம பாஷையில சொன்னா என்.டி.ஏ. 1815லயே என்.டி.ஏ! சாஃப்ட்வேர்ல இருக்கிற நமக்கு இது வியப்பா இருக்காது. ஆனா கோடு மேல என்.டி.ஏ. போடறது வேற, ஒரு குழந்தை "அம்மா"ன்னு எழுதக் கத்துக்கிறது மேல என்.டி.ஏ. போடறது வேற. அந்தப் பத்திரத்தோட காலம் முடியுற வரைக்கும் ஸ்காட்லாந்துல வேற யாராவது பள்ளி ஆரம்பிக்கணும்னு நினைச்சாலும் இதே கதிதான்.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு பாரிஸ்ல நடந்துக்கிட்டிருந்தது. அபே டி லேப்பேங்கிற பாதிரியார் 1760கள்ல ஆரம்பிச்ச பள்ளி. அவர் சைகை மொழி வழியாச் சொல்லிக் கொடுத்தார், அதுவும் எல்லாருக்கும் முன்னாடி. யார் வேணும்னாலும் வந்து வகுப்பைப் பாக்கலாம், கத்துக்கிட்டுப் போய் அவங்க ஊர்ல பள்ளி தொடங்கலாம். இன்னிக்கு நாம ஓப்பன் சோர்ஸ்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே கொள்கை. அவருக்கு அடுத்து வந்த அபே சிகார் 1815ல லண்டனுக்கு வந்து, தன்னோட பழைய மாணவர்கள் ரெண்டு பேரை மேடையேத்திக் காட்டிக்கிட்டிருந்தார். ழான் மாஸ்யூ, லோரான் கிளெர், ரெண்டு பேருமே காது கேளாதவங்க. பார்வையாளர்கள் தத்துவக் கேள்வியெல்லாம் கேப்பாங்க, இவங்க பலகையில பதில் எழுதுவாங்க. கூட்டத்துல கேலடெட்டும் இருந்தார். சிகார் அவர்கிட்ட, பாரிஸுக்கு வாங்க, எல்லாமே சொல்லித் தர்றோம்னு சொன்னார். பணம் வேண்டாம், பத்திரம் வேண்டாம்.

1816 மார்ச்ல கேலடெட் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். மூணு மாசம் மாதிரி படிச்சார். கையில காசு கரைய ஆரம்பிச்சுது. அப்போ அவருக்கு ஒண்ணு புரிஞ்சுது: இந்த மொழியை ஒரு சில மாசத்துல கத்துக்கிட்டுப் போய் நான் தனியா பள்ளி நடத்த முடியாது. அதனால கிளெர் கிட்ட, நீங்களும் கூட வாங்கன்னு கேட்டார்.

கிளெர் யாரு? வயசு 30. குழந்தையில நெருப்புல விழுந்து கன்னத்துல தழும்பு. அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டற ரெண்டு விரல்தான் சைகை மொழியில அவரோட பேரு. பன்னிரண்டு வயசுல பாரிஸ் பள்ளிக்கு மாணவனா வந்தவர், அங்கேயே ஆசிரியர் ஆனார். யேல் மாதிரி ஒரு இடத்துல பட்டம் எதுவும் இல்ல. மூணு வருஷ ஒப்பந்தத்துல அமெரிக்கா கிளம்பினார்.

1816 ஜூன் 18 அன்னிக்கு கப்பல் புறப்பட்டுது. 52 நாள் பயணம். அந்த 52 நாளும் கிளெர் கேலடெட்டுக்கு சைகை மொழி சொல்லிக் கொடுத்தார், கேலடெட் கிளெருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். என்னைக் கேட்டா, அமெரிக்காவுல சிறப்புக் கல்விக்கான முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பு அந்தக் கப்பல் தளத்துலதான் நடந்துது. ஆசிரியர் பட்டம் இல்லாத காது கேளாதவர், மாணவர் முதுகலை முடிச்சவர்.

1817 ஏப்ரல் 15 அன்னிக்கு ஹார்ட்ஃபோர்ட்ல பள்ளி திறந்துது. முதல் மாணவி ஆலிஸ். மூணு வருஷத்துக்குன்னு வந்த கிளெர் திரும்பிப் போகல. 1858 வரைக்கும் சொல்லிக் கொடுத்தார், 1869ல இறந்தார். அந்தப் பள்ளிக்கு வேலைக்கு வந்த இளைஞர்கள் பலர் யேல் பட்டதாரிகள். அவங்க எல்லாரும் இங்க வந்து, கிளெர் கிட்டயும் மாணவர்கள் கிட்டயும் சைகை மொழி கத்துக்கிட்டு, அப்புறம் மத்த மாநிலங்களுக்குப் போய் பள்ளிகள் நடத்தினாங்க. உதாரணத்துக்கு, நியூயார்க் பள்ளியைப் பல வருஷம் நடத்தின ஹார்வி பீட். டிகிரி, அதுக்கு மேல ஒரு தனிப் பயிற்சி. இன்னிக்கு நம்ம நண்பர் கிட்ட கேக்கற அதே வரிசை.

இப்போ கொஞ்சம் வேகமா நகர்வோம். இதே காலத்துல பாரிஸ்ல இட்டார்ங்கிற டாக்டர், காட்டுல கண்டெடுத்த ஒரு பையனுக்குப் பல வருஷம் சொல்லிக் கொடுத்துப் பாத்தார். அவர் வழியில வந்த சேகன், அறிவுசார் குறைபாடு இருக்கிற பிள்ளைங்களுக்கான பயிற்சி முறையை எழுதி வெச்சார். அந்த ரெண்டு பேரோட புத்தகங்களையும் ஒரு இத்தாலிய டாக்டர் கையால இத்தாலிய மொழியில எழுதிப் படிச்சார். மரியா மாண்டிசோரி. 1896ல ரோம் பல்கலைக்கழகத்துல மருத்துவப் பட்டம் வாங்கினவர். மனநல விடுதிகள்ல அடைச்சு வெச்சிருந்த குழந்தைங்களைப் பாத்து, இவங்களுக்கு வேணுங்கிறது மருந்து இல்ல, கல்விதான்னு முடிவுக்கு வந்தார். 1900ல ரோம்ல இந்தக் குழந்தைங்களுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கினப்போ, அதை நடத்தின ரெண்டு பேர்ல அவரும் ஒருத்தர். ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டு, அப்புறம் என்ன பண்ணினார் தெரியுமா? டாக்டர் பட்டத்தை வெச்சுக்கிட்டு மறுபடியும் பல்கலைக்கழகத்துல மாணவியா சேர்ந்தார், தத்துவம் படிக்க.

1939 நவம்பர்ல அவர் நம்ம சென்னைக்கு வந்து அடையாறு தியசாபிகல் சொசைட்டியில ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர்க் காலத்துல இத்தாலியர்ங்கிறதால இங்கேயே இருக்க வேண்டியதாச்சு, கொடைக்கானல்லயும் இருந்தார். இன்னிக்கு ஓ.எம்.ஆர்.ல ரெண்டு தெருவுக்கு ஒரு மாண்டிசோரி ப்ளேஸ்கூல் இருக்கு. அந்த மர உருளையும் மணிச் சரமும் முதல்ல உருவானது, யாருமே படிப்பு ஏறாதுன்னு கைவிட்ட பிள்ளைங்களுக்காக. அதே பிள்ளைங்களை அட்மிஷன் இல்லன்னு இந்த மாதிரி ஸ்கூல்கள் சிலது திருப்பி அனுப்புறதை நான் நேர்ல பாத்திருக்கேன். இது சும்மா ஒரு ஓரக் குறிப்பு.

சரி, திரும்ப அமெரிக்காவுக்குப் போவோம், ஏன்னா கதையில கசப்பான பகுதி அங்கதான் இருக்கு. கேலடெட்டோட கடைசிப் பையன் எட்வர்ட் மைனர் கேலடெட். அவர் தலைமையில 1864ல வாஷிங்டன்ல காது கேளாதோருக்கான கல்லூரி வந்துது. இன்னிக்கு அது கேலடெட் பல்கலைக்கழகம். அந்த நேரத்துல ஐரோப்பாவுல காத்து திசை மாறிக்கிட்டிருந்தது. சைகை மொழி வேண்டாம், எல்லாக் குழந்தைங்களும் உதட்டைப் படிச்சு வாயால பேசட்டும்னு ஒரு அணி வளர்ந்துது. 1880 செப்டம்பர்ல மிலான் நகரத்துல ஒரு மாநாடு. 164 பிரதிநிதிகள். காது கேளாதோர் கல்வியைப் பத்தின மாநாட்டுல காது கேளாத பிரதிநிதி எத்தனை பேர்? ஒருத்தர். அமெரிக்காவுல இருந்து போன ஜேம்ஸ் டெனிசன். பேச்சுதான் உயர்ந்தது, அதுதான் வழின்னு தீர்மானம் பெரும்பான்மையோட நிறைவேறுச்சு.

இதோட விளைவை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பேச்சு வழியாத்தான் சொல்லித் தரணும்னா, பேச்சைக் கேக்க முடியாதவர் எப்படி ஆசிரியரா இருக்க முடியும்? ஆசிரியர் தகுதின்னா என்னங்கிறதோட வரையறை மாறினதுமே, கிளெர் மாதிரி ஆட்கள் தகுதியில்லாதவங்க ஆயிட்டாங்க. ஒருத்தரைக்கூட நேரடியா, நீ காது கேளாதவன், வெளியே போன்னு சொல்லத் தேவைப்படல. தகுதி வரையறையே அந்த வேலையைப் பண்ணிடுச்சு. அடுத்த பத்தாண்டுகள்ல காது கேளாத ஆசிரியர்களோட எண்ணிக்கை சரிஞ்சுக்கிட்டே போச்சு.

இதுல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு எஞ்சினியரும் இருக்கார். அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். டெலிஃபோன் பெல்லேதான். அவரோட அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேக்காது, அவர் அடிப்படையில காது கேளாதோருக்குப் பேச்சு சொல்லித் தர்ற ஆசிரியர். 1891ல எட்வர்ட் கேலடெட் தன்னோட கல்லூரியில ஆசிரியர் பயிற்சித் துறை ஒண்ணு ஆரம்பிக்க அரசாங்கத்துக்கிட்ட பணம் கேட்டப்போ, பெல் நாடாளுமன்றத்துல போய் எதிர்த்தார். காது கேளாதவங்களை ஆசிரியர்களா பயிற்றுவிக்கிறது கூடாதுங்கிறது அவர் வாதம். துறை ஆரம்பிச்சுது. ஆனா அதுல யாரைச் சேர்த்தாங்க தெரியுமா? வேற கல்லூரியில டிகிரி முடிச்ச, காது கேக்கிற இளைஞர்களை மட்டும். காது கேளாதோர் கல்லூரிக்குள்ளேயே, காது கேளாதோருக்கான ஆசிரியர் பயிற்சியில, காது கேளாதவருக்கு இடமில்ல. அவங்களைச் சேர்த்தது பல பத்தாண்டுகள் கழிச்சுதான்.

அந்தத் துறையில படிச்ச ஒருத்தர் பெர்சிவல் ஹால். 1892ல ஹார்வர்ட்ல பட்டம் வாங்கிட்டு இங்க வந்தவர். பின்னாடி அந்தக் கல்லூரிக்கே தலைவரா ஆகி, 1910ல இருந்து 1945 வரைக்கும் நடத்தினார். அவர் நல்லா நடத்தினார்னே சொல்றாங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. என் கேள்வி வேற. அவர் வகுப்புல உட்கார்ந்த அதே வருஷங்கள்ல, அந்த வளாகத்துல சைகை மொழியைத் தாய்மொழியா பேசின மாணவர்கள் இருந்தாங்களே, அவங்கள்ல எத்தனை பேர் நல்ல ஆசிரியரா ஆகியிருப்பாங்க? அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் காது கேளாத தலைவர் வந்தது 1988ல. அதுவும் மாணவர்கள் வளாகத்தை இழுத்து மூடிப் போராடினதுக்கு அப்புறம்தான். மிலான் தீர்மானத்துக்கு அதே மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவிச்சது 2010ல, வான்கூவர்ல. 130 வருஷம்.

இதைக் கேட்டதும் சிலருக்குத் தோணும்: அப்போ சான்றிதழே வேண்டாம்னு சொல்ல வர்றீங்களா? இல்ல. இதுக்கு மறுபக்கமும் இருக்கு, அது எங்க வீட்டுக்குள்ளேயே நடந்துது.

எங்க அக்கா பையனுக்கு மூணு வயசுல ஆட்டிசம்னு தெரிஞ்சுது. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சென்டர்ல சேர்த்தாங்க. மாசம் ஃபீஸ் நல்ல தொகை. வாசல்ல பெரிய போர்டு, உள்ள கலர் கலரா பொம்மை. ரெண்டு வருஷத்துல அவனுக்கு நாலு "ஸ்பெஷல் எஜுகேட்டர்" மாறினாங்க. நாலு பேருமே நல்ல பசங்க, எதுவோ ஒரு டிகிரி முடிச்சுட்டு, வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இங்க இருந்தவங்க. ஒருத்தர்கிட்டயும் இந்தத் துறையில படிச்ச சான்றிதழ் கிடையாது. அவன் கை தட்டினா, கையைப் பிடிச்சு உட்கார வெப்பாங்க. அது ஏன் வருது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துது, அவன் என்ன கேக்குறான்னு பாக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அஞ்சு வயசுல வேற இடத்துக்கு மாத்தினப்போ, முறையா படிச்ச ஒரு டீச்சர் முதல் வாரமே அவனுக்குப் படங்களைக் காட்டிக் கேக்கப் பழக்கினாங்க. தண்ணி வேணும்னா தண்ணிப் படம். மூணாவது வாரம் அவனா எழுந்து போய் அந்தப் படத்தை எடுத்துட்டு வந்தான். அக்கா அன்னிக்கு எனக்கு ஃபோன் பண்ணி, "டேய், ரெண்டு வருஷமா தண்ணி கேக்கத்தான்டா அழுதிருக்கான்"னு சொன்னா. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

அதனாலதான் நம்ம நண்பரோட "மனசு இருந்தா பத்தாதா"வுக்கு என் பதில், பத்தாது. அந்த நாலு பேருக்கும் மனசு இருந்துது.

இந்தியாவுல இந்தக் கதவு கட்டினது ரொம்பப் பிந்தித்தான். பள்ளிகள் பழசு. நம்ம பாளையங்கோட்டையில காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டோட கடைசியிலேயே பள்ளிகள் வந்தாச்சு, மிஷனரிப் பெண்கள் தொடங்கினது. ஆனா யார் சொல்லித் தரலாம்ங்கிறதுக்கு நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. 1986ல இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., ஒரு சங்கமா பதிவாச்சு. 1992ல அதுக்குன்னு சட்டம் வந்துது, 1993 ஜூன்ல சட்ட அந்தஸ்து கிடைச்சுது. அந்தச் சட்டத்தோட 13ஆவது பிரிவுதான் நம்ம நண்பரை நிறுத்தினது. அங்கீகரிச்ச படிப்பு முடிச்சு, மத்தியப் பதிவேட்டுல பேர் இருக்கிறவங்க மட்டும்தான் இந்த வேலையைச் செய்யலாம். மீறினா ஒரு வருஷம் வரை சிறை, இல்ல 1000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். 1000 ரூபாய்! எங்க அக்கா கட்டின ஒரு வாரத்து ஃபீஸ்கூட வராது. சட்டத்துல பல் இருக்கு, பால் பல்.

விதி இருந்தும் ஆட்கள் வந்தாங்களா? பல மாநிலங்கள்ல அரசுப் பள்ளிகளுக்குப் போற சிறப்பாசிரியர்கள் நிரந்தர வேலையில இல்ல. ஒப்பந்தம், தொகுப்பூதியம், பல வருஷமா அதே நிலை. இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு, 2021 அக்டோபர்ல தீர்ப்பு. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர்னு அரசு விதி வகுக்கணும்னு கோர்ட் சொல்லுச்சு. அதுவரைக்கும் இடைக்காலமா, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் இருக்கிற பிள்ளைகளுக்கு அஞ்சு பேருக்கு ஒருத்தர், பார்வையும் செவியும் ரெண்டுமே இல்லாதவங்களுக்கு ரெண்டு பேருக்கு ஒருத்தர்னு வெச்சாங்க. 2022ல மத்திய அரசோட அறிவிக்கை வந்துது: தொடக்கப் பள்ளியில 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலையில 15க்கு ஒருத்தர். 2025 மார்ச்லயும் கோர்ட் மறுபடி மாநிலங்களைப் பாத்து, பணியிடங்களை அறிவியுங்க, தகுதியானவங்களை மட்டும் போடுங்கன்னு சொல்ல வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒப்பந்தத்துல வேலை பாக்குறவங்களோட தகுதியைச் சரிபார்க்கக் குழு அமைக்கச் சொன்னாங்க.

இதுல ஒரு முரண் இருக்கு, கவனிச்சீங்களா? நாம அந்த நண்பர்கிட்ட ரெண்டு வருஷம் படின்னு கேக்குறோம். அவர் படிச்சு முடிச்சா, ஐ.டி. சம்பளத்துல ஒரு துண்டுதான் கையில வரும், அதுவும் அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாத வேலை. கதவுக்குப் பூட்டு மட்டும் போட்டுட்டு, உள்ள உட்கார நாற்காலி போடலன்னா, படிச்சவங்க வரமாட்டாங்க. அந்த சென்டர் மாதிரி இடங்கள்ல படிக்காதவங்கதான் நிப்பாங்க. வாட்சன் போட்ட மூணு வருஷ நிபந்தனைக்கும் இதுக்கும் வித்தியாசம் என்னன்னு யாராவது கேட்டா, ஒண்ணுதான் சொல்லலாம். இன்னிக்கு அந்தப் பாடத்திட்டம் ரகசியம் இல்ல.

நடைமுறைக்கு வருவோம். நண்பரே, சிறப்புக் கல்வி பி.எட்.ல சேர ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் வேணும். பி.இ.க்கான மதிப்பெண் விதியைச் சேர்ற கல்லூரியில முன்னாடியே கேட்டுக்கோங்க. சேரும்போதே எந்தக் குறைபாட்டுல சிறப்புப் பயிற்சின்னு தேர்ந்தெடுக்கணும். செவி, பார்வை, அறிவுசார், கற்றல் குறைபாடு, ஆட்டிசம் இப்படி. நீங்க ஆட்டிசம் குழந்தைங்களோட இருக்கப் போறீங்கன்னா, பக்கத்துல இருக்கிற காலேஜ்ல செவித்திறன் பிரிவுதான் இருக்குன்னு அதுல போய்ச் சேராதீங்க. ரெண்டு வேற உலகம். சென்னையில இருந்தா, கிழக்குக் கடற்கரைச் சாலையில முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கு, 2005ல வந்தது. ஒரு நாள் நேர்ல போய் பாருங்க. ஆர்.சி.ஐ. தளத்துல அங்கீகாரம் இருக்கிற கல்லூரிகளோட பட்டியல் இருக்கு. விளம்பரத்தை நம்பாம அந்தப் பட்டியலைப் பாத்து ஃபீஸ் கட்டுங்க.

பெற்றோரா இருந்து இதைக் கேக்குறவங்களுக்கும் ஒண்ணு. டீச்சரோட பதிவு எண்ணைக் கேக்கறதுக்குத் தயங்காதீங்க. முறையா படிச்சவங்க அதைக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, எங்க பையனோட டீச்சர் நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே காட்டினாங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். 2015ல டெல்லியில இந்திய சைகை மொழிக்கான ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்துது. அங்க சைகை மொழி ஆசிரியர் ஆகறதுக்கு ஒரு டிப்ளமோ இருக்கு, ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தோட. அதுல காது கேக்கிறவங்க சேர முடியாது. காது கேளாதவங்களுக்கு மட்டும்தான். 1891ல வாஷிங்டன்ல போட்ட விதியை அப்படியே தலைகீழா திருப்பிப் போட்ட மாதிரி. அங்க படிச்சு முடிச்ச ஒருத்தரோட அடுத்த எபிசோட்ல பேசப் போறோம். அவர் சைகையில பேசுவார், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார், அதனால அந்த ஒரு எபிசோடை மட்டும் வீடியோவா போடறோம். கேள்விகள் இருந்தா வியாழக்கிழமைக்குள்ள அனுப்புங்க.